கேக்குக்குள் போன கம்பி

கிளெனிஸ் டொரிசி எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலை ஏழு மணிக்கு ஆற்றுப் பாலத்தருகே முதல் பிள்ளையை ஏற்றிக்கொண்டு, கரும்பு ரயில் பாதைகள் இரண்டைத் தாண்டி, எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில் முப்பத்தாறு பிள்ளைகளை இறக்கிவிடுவாள். அப்புறம் மாலை மூன்று மணிவரை பேருந்துக்கும் வேலையில்லை, அவளுக்கும் வேலையில்லை. அந்த ஆறு மணி நேரத்தில், பேருந்துக்குள்ளேயே உட்கார்ந்து, கேக் அலங்காரத்தைத் தானாகக் கற்றுக்கொண்டவள் அவள்.

தொடங்கியது மகளின் ஆறாவது பிறந்த நாளில். எங்கள் பக்கத்தில் பிறந்த நாள் கேக்கை வீட்டில்தான் செய்வோம். கடையில் வாங்கினால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். மகள் நீச்சல்குளம் வேண்டும் என்றாள். கிளெனிஸ் கேக்கின் நடுவைக் குடைந்து, சுற்றிலும் சாக்லேட் பிஸ்கட்டுகளை மதில்போல நிறுத்தி, உள்ளே நீல ஜெல்லியை ஊற்றினாள். பிப்ரவரி மாதம். வடக்கே எங்களுக்கு அது மழையும் புழுக்கமும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும் காலம். பிள்ளைகள் பாட்டுப் பாடி முடிப்பதற்குள், மேலே பூசிய சர்க்கரை ஐசிங் இளகி, மதில் சரிந்து, குளம் மேசையெல்லாம் ஓடியது. அவள் கணவன் ஆல்டோ கரும்பு விவசாயி, வாயைக் கட்டத் தெரியாதவன். ஆறு கரையை உடைத்துக்கொண்டது, எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்றான். பிள்ளைகள் கரண்டியோடு பாய்ந்து வெள்ளத்தைத் தின்று தீர்த்தார்கள். மகள் மட்டும் அழுதாள்.

அடுத்த வாரம் நூலக வண்டி வந்தபோது கிளெனிஸ் கேக் அலங்காரப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். வண்டி பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு முறையும் தவணையை நீட்டி நீட்டிப் பதினான்கு மாதம் அதை வைத்திருந்தாள். கடைசியில் நூலகரே சலித்துப்போய், வைத்துக்கொள், இந்த ஊரில் வேறு யாரும் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

கேக்கில் பழகினால் சர்க்கரை கட்டுப்படியாகாது. ஐசிங்கைப் பையில் அடைத்து, பேருந்தின் பின்கண்ணாடியில் கோடு இழுப்பாள். கத்தியால் சுரண்டி மறுபடி பையில் அடைப்பாள். மறுபடி இழுப்பாள். எங்கள் நாட்டுக் கேக்குகளில் ஒரு வேலை உண்டு. கேக்கின் அடிப்பக்கத்தில் நூல்போன்ற கோடுகள் திரைச்சீலை மாதிரி இறங்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே இன்னொரு கோடு நுழைய இடம் இருக்கக்கூடாது. அதுதான் கணக்கு. அதை அவள் கண்ணாடியில் எட்டு மாதம் இழுத்தாள். ஒரு திங்கட்கிழமை பின்னிருக்கைப் பிள்ளைகள் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து ஆடினார்கள். பேருந்து முழுக்க எறும்பு. முதலாளி கூப்பிட்டு எச்சரித்தார். அன்றிலிருந்து கண்ணாடியை வினிகர் போட்டுத் துடைப்பாள். அதன்பின் அந்தப் பேருந்தில் ஏறினாலே மீனும் சிப்ஸும் வினிகர் தெளித்து விற்கும் கடை வாடை. பள்ளிக்குப் போய்ச் சேருவதற்குள் பசி வந்துவிடுகிறது என்று பிள்ளைகள் புகார் சொன்னார்கள்.

மூன்றாம் வருடம் ஊர்க் கண்காட்சியில் ஒரு கேக் வைத்தாள். எங்கள் ஊரில் ஜூலை மாதம் இரண்டு நாள் கண்காட்சி. மாடு, கோழி, மரம் வெட்டும் போட்டி, தகரக் கொட்டகைக்குள் ஜாம், தையல், கேக். முதல் பரிசுக்கு நீலச் சீட்டு. இவள் கேக்கின் மேல் வெள்ளைச் சீட்டு கிடந்தது. ‘விதிப்படி இல்லை’ என்று இரண்டே சொல். எந்த விதி, எதில் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை. நடுவர் காரேறிப் போய்விட்டார். மறு வருடம் போட்டி விதிப் புத்தகம் வந்த பிறகு, தானே அளந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். கேக் வைத்த பலகை ஓர் அங்குலம் பெரிது. ஓர் அங்குலத்துக்கு ஒரு வருடம்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாள். நடுவர் ஆகவேண்டும். தோற்றவர்களுக்கு ஏன் தோற்றார்கள் என்று எழுதிக் கொடுக்கிற நடுவர். கேட்பதற்குச் சின்ன ஆசை மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் மாகாணத்தில் கேக் நடுவர் ஆவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு மணி நேரம் கார் ஓட்டி டவுன்ஸ்வில் நகரத்துக்குப் போய் எழுத்துத் தேர்வு எழுதவேண்டும். பிறகு ஒரு கண்காட்சியில் தேர்வாளர் பக்கத்தில் நின்று பார்க்க, உண்மையான கேக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லிக் காட்டவேண்டும். எழுத்துத் தேர்வில் முதல் தடவை தோற்றாள், இரண்டாம் தடவை ஜெயித்தாள். தேர்வாளர் எங்கள் பக்கம் வருவது அபூர்வம். வருவார் வருவார் என்று நான்கு வருடம் போனது.

இதில் நான் எங்கே வருகிறேன் என்று சொல்லவேண்டும். நான் சர்க்கரை ஆலையில் இரும்புத் தகடு வெட்டிப் பற்றவைக்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். ஆள் ஆறடி மூன்று அங்குலம் என்பதால் ஊரில் எனக்குக் கிண்டலாகப் பொடியன் என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்னால், அரவை இல்லாத மாதங்களில் கொதிகலனைப் பழுது பார்க்கும்போது, ஒரு தகடு நழுவி என் வலது கையில் இறங்கியது. விரல்கள் மிஞ்சின, பிடி மிஞ்சவில்லை. தேநீர்க் கோப்பையைக் கூட இடது கையால்தான் தூக்குவேன். மருத்துவமனையில் ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்து, நாளைக்கு இருநூறு தடவை அமுக்கச் சொன்னார்கள். நாலு நாள் அமுக்கினேன். ஐந்தாம் நாள் பந்தை நாய்க்குப் போட்டுவிட்டேன்.

பெட்ரோல் போடும் இடத்தில் கிளெனிஸ் என் கையைப் பார்த்தாள். அவள் வியாழக்கிழமை மாலைகளில் ஊர் மண்டபத்தில் கேக் வகுப்பு எடுக்க ஆரம்பித்திருந்த சமயம்.

“பந்தை அமுக்கினா என்ன வரும்?” என்றாள்.

ஒன்றும் வராது என்றேன்.

“ஐசிங் பையை அமுக்கு. ஏதாவது வரும்ல.”

என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். வியாழக்கிழமை ஐந்தரைக்கு அவள் பேருந்து என் வீட்டு வாசலில் நின்று ஆரன் அடித்தது. அக்கம்பக்கத்தார் பார்க்க, நான் ஒருவன் மட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறினேன்.

மண்டபத்தில் ஆறு பெண்கள். அதில் நோலா ஃபின்ச்சை முன்பே தெரியும், கண்காட்சியில் கேக் கொட்டகைக்குப் பொறுப்பாளர், ஊரில் அவளுக்குத் தெரியாத சேதி கிடையாது. என்னைப் பார்த்ததும், கூரை ஒழுகுகிறது என்று யாராவது சொல்லி அனுப்பினார்களா என்று கேட்டாள். கிளெனிஸ் என் கையில் ஒரு பையைத் திணித்து, கவிழ்த்த தட்டு ஒன்றை முன்னால் வைத்து, கோடு இழு என்றாள். என் கோடு மண்புழு செத்துக் கிடந்த மாதிரி இருந்தது. அவள் பார்த்தாள். புழுவுக்குத் தலையும் வாலும் சரியாக இருக்கிறது, நடுவில்தான் உயிர் போய்விட்டது, நடுவில் மூச்சை அடக்காதே என்றாள். அப்படித்தான் அவள் சொல்லிக்கொடுப்பாள். எது சரி, எது தப்பு, தப்பு எதனால். மூன்றையும் சொல்லாமல் விடமாட்டாள்.

ஐந்து மாதத்தில் கையில் பிடி வந்தது. ஆறாம் மாதம் ஆலையில் பழைய வேலைக்குத் திரும்பினேன். மருத்துவமனையில் அந்தப் பெண், பந்து நல்ல வேலை செய்திருக்கிறது என்று எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

கை சரியான பிறகும் வியாழக்கிழமை நிற்கவில்லை. ஆலையில் மிஞ்சும் மெல்லிய துருப்பிடிக்காத தகட்டுத் துண்டுகளை வளைத்து இதழ் வெட்டும் அச்சுகள் செய்து கொடுத்தேன். சர்க்கரை மாவில் செய்யும் பூக்கள் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் காயாமல் தொங்கிவிடும். செத்துப்போன குளிர்பெட்டி ஒன்றைக் குப்பைமேட்டிலிருந்து எடுத்து வந்து, உள்ளே நாற்பது வாட் பல்பைப் பொருத்தி, காய வைக்கிற பெட்டியாக்கினேன். குளிர்பெட்டிக்குள் சூடு வைக்கிறான், கிறுக்கன் என்று ஆல்டோ சொன்னான். அதில் காய்ந்த இதழ் முட்டை ஓடு மாதிரி கணீரென்று இருக்கும்.

போன வருடம் மே மாதம் கடிதம் வந்தது. மிசஸ் ஹெஸ்டர் மக்ரா என்ற தேர்வாளர் எங்கள் ஊர்க் கண்காட்சிக்கு வருகிறார், கிளெனிஸ் கைதேர்ந்தவர்கள் பிரிவுக்குத் தீர்ப்புச் சொல்லித் தேர்வு கொடுக்கலாம். அந்தப் பிரிவுக்குக் கேக்குகள் எல்லாம் வெளியூர்களிலிருந்து வரும். புதியவர்கள் பிரிவை மக்ராவே பார்ப்பதாக ஏற்பாடு. அதனால் பொறுப்பாளரான தன்னைத் தவிர நாங்கள் ஆறு பேரும் புதியவர்கள் பிரிவில் தாராளமாக வைக்கலாம் என்று நோலா சொன்னாள்.

நான் ஆர்க்கிட் செய்தேன். எங்கள் காட்டில் மரத்தில் தொற்றி வளரும் ஊதா ஆர்க்கிட். ஏழு பூ, நாலு மொட்டு, கூடவே கரும்புப் பூவின் கொண்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே மெல்லிய கம்பி, கம்பிகளையெல்லாம் சேர்த்து ஒரு கொத்து. விதி என்னவென்றால், கம்பி கேக்குக்குள் இறங்கக்கூடாது. கேக்கின்மேல் ஐசிங் உருண்டை ஒன்றை ஒட்டி, கொத்தை அந்த உருண்டையில்தான் குத்தி நிறுத்தவேண்டும். காரணம் சாதாரணமானது. கண்காட்சி முடிந்ததும் எங்கள் கேக்குகளை வெட்டி முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கேக் தின்பதற்கு, கம்பி தின்பதற்கு இல்லை.

அன்று காலை வண்டியில் மெல்ல மெல்லத்தான் போனேன். ஆனால் அரவைக் காலம். ரயில் பாதையில் கரும்புப் பெட்டிகள் நூறோ நூற்றைம்பதோ ஊர்ந்து போக, பதினைந்து நிமிடம் நின்றேன். பாதையைத் தாண்டும்போது வண்டி குலுங்கியது. கொட்டகையில் இறக்கிப் பார்த்தால் உருண்டை கழன்று, கொத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உருண்டையை முந்தின நாள் மாலைதான் ஒட்டியிருந்தேன், உள்ளே ஈரம். ஒன்பது மணிக்குக் கதவு சாத்துவார்கள். மணி எட்டு ஐம்பத்திரண்டு.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். விதி எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக, ஆடுகிற எதையும் அடியோடு இறுக்கிப் பழகிய கை இது. கொத்தைப் பிடித்தேன், நேராக நிறுத்தினேன், மூன்று அங்குலம் கேக்குக்குள் இறக்கினேன். சுற்றிலும் இலைகளைத் தள்ளி மறைத்தேன். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆலையில் வேலை முடித்த மாதிரி ஒரு திருப்தி. யார் இலையைத் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்?

நடுவர்கள் பார்க்கும்போது கேக் வைத்தவர்கள் கொட்டகைக்குள் இருக்கக்கூடாது. நடந்ததை, பொறுப்பாளராக உள்ளே இருந்த நோலாதான் பிறகு சொன்னாள்.

கைதேர்ந்தவர்கள் பிரிவில் அந்த வருடம் வந்தவை மூன்றே கேக்குகள். மூன்றை வைத்து ஒரு நடுவரை எப்படிச் சோதிப்பது என்று மக்ரா யோசித்தார். அப்படியே நகர்ந்து வந்து, புதியவர்கள் பிரிவையும் நீயே பார் என்றுவிட்டார். கிளெனிஸின் முகம் வெளுத்ததாம். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு கேக்கும் அவள் மாணவர்களுடையவை. ஒவ்வொன்றும் யார் கை என்று அவளுக்கு எட்டிப் பார்க்காமலே தெரியும்.

முதல் ஐந்தைப் பார்த்து முடித்து என் கேக்குக்கு வந்தாள். குனிந்தாள். ஆர்க்கிட்டை நெடுநேரம் பார்த்தாள். மக்ரா பின்னால் நின்று, இது எனக்கும் பிடித்திருக்கிறது, நீலச் சீட்டு இதற்குத்தானே என்று கேட்டார். கிளெனிஸ் சட்டைப் பையிலிருந்து பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து இலைகளுக்கு அடியில் நுழைத்தாள். டார்ச் அடித்தாள். பார்த்தவள் அப்படியே குனிந்தபடி நின்றாளாம்.

“அந்த நிமிஷத்துல கண்ணாடியைப் பாக்கெட்டுல போட்டிருந்தா முடிஞ்சுது, பொடியா,” என்றாள் நோலா. “அந்த அம்மா பாக்கவே இல்ல. உனக்கு நீலம், இவளுக்கு நடுவர் பட்டம். ரெண்டு பேரும் சந்தோஷமா வீட்டுக்குப் போயிருக்கலாம்.”

அவள் போடவில்லை. நிமிர்ந்து, கம்பி கேக்குக்குள்ளே போயிருக்கிறது என்றாள். மக்ரா வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், என்ன எழுதுவாய் என்றார். கிளெனிஸ் வெள்ளைச் சீட்டை எடுத்து ‘விதிப்படி இல்லை’ என்று எழுதி, திருப்பிப் பின்பக்கத்திலும் எழுத ஆரம்பித்தாள். நெடுநேரம் எழுதினாள். மக்ரா அதைக் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

“இது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நான் சொல்லிக் குடுத்த ஆளு.”

“மத்தது?”

“எல்லாமே.”

“நடுவரா நிக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணுமே, மிசஸ் டொரிசி.”

“சொல்லியிருக்கணும்தான்,” என்றாள் கிளெனிஸ்.

அவ்வளவுதான். தெரிந்தவர் கேக் என்றால் நடுவர் வாய் திறந்து சொல்லி விலகிக்கொள்ளவேண்டும், அது விதி. மக்ரா தன் தாளில் ஏதோ குறித்து, மடித்து, இந்தத் தடவை இல்லை என்றார். கிளெனிஸ் சாக்குச் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். மூன்று மணிக்குப் பேருந்து எடுக்கவேண்டும், போய்விட்டாள்.

கதவு திறந்ததும் நான் உள்ளே போய்ச் சீட்டைப் பார்த்தேன். முன்பக்கத்தைப் படித்ததும் காது சூடாகிவிட்டது. சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போய் உட்கார்ந்தேன். நோலா ஜன்னலில் சாய்ந்து இத்தனையும் சொன்னது அங்கேதான். அவள் போனதும் சீட்டைத் திருப்பினேன்.

சின்னச் சின்ன எழுத்தில் அவள் எழுதியிருந்தது இது. “இதழ் ஓரங்கள் மெல்லியவை, இயல்பானவை. பூவின் தொண்டையில் நிறம் மிக நன்று. கரும்புப் பூ இந்தக் கொட்டகைக்கே புதிது. கம்பி கேக்குக்குள் இறங்கியிருக்கிறது. இதைச் சாப்பிடப் போகிறவர்களுக்குப் பல்லும் கண்ணும் குறைவு. உருண்டையை இரண்டு நாள் முன்பே ஒட்டிக் காயவிடவும். கொத்தின் எடை ஒரு பக்கம் கூடுதல், இரண்டு மொட்டைக் குறைத்தால் தானே நிற்கும்.”

பட்டம் கைநழுவப் போகிற நேரத்தில் ஒரு பெண் எனக்கு எடைக்கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். மொட்டைக் குறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, பாருங்கள். இரும்புக்காரனுக்கு எடை தெரிய வேண்டாமா?

நேரே தேநீர்க் கூடாரத்துக்குப் போனேன். மக்ரா பரங்கிக்காய் ஸ்கோன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும், ஒல்லி, விறைப்பு. நான்தான் கம்பியை இறக்கியவன் என்றேன். முறையீடு என்றால் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார். முறையீடு இல்லை, கம்பி விஷயத்தில் அவள் செய்ததுதான் சரி என்றேன். பிறகு எனக்குக் கோவையாகப் பேச வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

“இந்த ஊர்ல ஐசிங் பை பிடிக்கத் தெரிஞ்ச அத்தனை பேருக்கும் அவதான் சொல்லிக் குடுத்தா. தெரிஞ்சவங்க கேக்குன்னு அவ விலகணும்னா, ஊரை விட்டுத்தான் விலகணும்.”

அவர் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். “நீங்க விதியை மீறினவரு. இப்ப என்னை வளைக்கச் சொல்றீங்க.”

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வளைக்கத்தான் வந்திருந்தேன், அது அவருக்கும் தெரிந்துவிட்டது. அவர் தட்டை ஒதுக்கி வைத்தார். பிரிவைக் கடைசி நேரத்தில் மாற்றியது தான்தான், யார் கேக் என்று முதலில் கேட்டிருக்கவேண்டியதும் தான்தான் என்றார். தோற்றது தோற்றதுதான், அதை மாற்ற மாட்டேன் என்றார். ஆனால் மூன்று வாரத்தில் தெற்கே இன்னொரு ஊர்க் கண்காட்சிக்குப் போகிறேன், அங்கே அவளுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் வரச் சொல்லுங்கள் என்றார். சாதாரணமாக ஒரு வருடம் காத்திருக்கவேண்டும்.

“அந்தப் பின்பக்கம் எழுதற பழக்கம், அதை யாரு அவளுக்குச் சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டார்.

யாரும் இல்லை என்றேன்.

வியாழக்கிழமை வந்தது. ஐந்தரைக்கு ஆரன் சத்தம் கேட்கவில்லை. அவள் வராவிட்டால் அதுவும் நியாயம்தான் என்று நானே நடந்து மண்டபத்துக்குப் போனேன். கதவருகே நின்றேன். ஆறு பெண்களும் என்னைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள்.

கிளெனிஸ் திரும்பாமலே சொன்னாள். “கம்பியைப் பத்தி ஏதாவது சொல்லணும்னா சொல்லிட்டு வா. இல்லன்னா அப்படியே வா. கதவைச் சாத்து, ஈரக்காத்து வருது.”

சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். தெரிந்தேதான் செய்தேன், அதனால் உன் பட்டம் போனது என்று. அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“பட்டம் போனது என் வாயால. உன் கம்பியால இல்ல. ரெண்டையும் குழப்பாத.” பிறகு குரல் ஏறியது. “அந்த அம்மாகிட்ட போயி எனக்காகப் பேச உன்னை யாரு கேட்டா? நோலா சொன்னா. பதினோரு வருஷமா நான் சொந்தக் கால்ல நிக்கறேன், பொடியா. சிபாரிசுல ஜெயிச்சேன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது.”

சிபாரிசு இல்லை, அந்த அம்மா என்னைக் கிழித்துத்தான் அனுப்பினார் என்றேன். என்ன சொல்லிக் கிழித்தார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் உதடு சிரிப்பில் லேசாக ஆடியது. சரியாகத்தான் கிழித்திருக்கிறார் என்றாள். என் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். பேருந்துக்கு அன்று பஞ்சர், அதனால்தான் வரவில்லை என்று நோலா மெல்லச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து, ஆல்டோ, நோலா, நான், மூவரும் கிளெனிஸின் காரில் தெற்கே போனோம். அவளைத் தவிர யார் ஓட்டினாலும் அவளுக்குப் பொறுக்காது. வழியில் ஆல்டோ, அங்கே ஒருவேளை யாராவது தெரிந்தவர் எதிரே வந்தால் சாக்குப்பையைப் போட்டு முகத்தை மூடிவிடுவோம் என்று சொல்லித் திட்டு வாங்கினான்.

அந்த ஊர்க் கொட்டகை பெரிது. இருபத்து மூன்று கேக். எங்களை வெளியே நிறுத்திவிட்டு அவளும் மக்ராவும் உள்ளே போனார்கள். முதல் வேலையாக, கேக் வைத்தவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது என்று அவள் சத்தமாகச் சொன்னது எங்களுக்கே கேட்டது. இரண்டரை மணி நேரம். ஆல்டோ மாடுகளைப் பார்க்கப் போய்விட்டான். நோலா மூன்று கோப்பைத் தேநீர் குடித்தாள். நான் தகரச் சுவரில் சாய்ந்து நின்றேன். கொதிகலனைப் பழுது பார்த்து முடித்து முதல் தடவை நீராவி ஏற்றும்போதும் நான் இப்படி வியர்த்ததில்லை.

கதவு திறந்தது. சனங்களோடு நாங்களும் உள்ளே போனோம். கிளெனிஸ் மூலையில் ஒரு மேசையில் உட்கார்ந்து இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று சீட்டுக்கும் பின்பக்கம். மக்ரா பக்கத்தில் கையில் ஒரு தாளோடு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார், லேசாக ஒருமுறை தலையசைத்தார். நோலா என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள்.

கிளெனிஸ் கடைசிச் சீட்டை முடித்து நிமிர்ந்தபோது, செவிலியர் உடுப்பில் ஒரு பெண் மேசையருகே வந்தாள். வேலைக்கு நடுவில் ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. அவள் கேக்குக்கு ஒரு பரிசும் இல்லை. சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.

“கோடு நடுங்குதுன்னு போட்டிருக்கீங்க. எனக்கும் தெரியுது. ஆனா எப்படி நடுங்காம பிடிக்கறதுன்னு தெரியல. எங்க ஊர்ல கேக்க ஆளில்ல.”

“வலது கையை மேசையில ஊனாதீங்க,” என்றாள் கிளெனிஸ். “இடது கையால மணிக்கட்டைத் தாங்குங்க. இப்படி.”

மக்ரா தாளை நீட்டி, கையெழுத்துப் போடவேண்டும், மிசஸ் டொரிசி, நடுவர் என்ற இடத்தில் என்றார்.

“ஒரு நிமிஷம் இருங்க,” என்றாள் கிளெனிஸ், திரும்பாமலே. கைப்பையிலிருந்து ஐசிங் பையை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்து, தேநீர்த் தட்டு ஒன்றைக் கவிழ்த்தாள்.

மக்ரா சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.